அம்மாவுக்குச் செய்த மணை பிளந்துவிட்டது: எங்கே தவறினேன், அடுத்து எதைச் செய்வது?

கேள்வி: நான்காம்தளப் பட்டறை (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்த்தபடி இருக்கும் வேலை என்னுடையது. கையால் ஏதாவது ஒரு பொருளைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் சென்ற ஆண்டு தச்சு வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்கினேன். எனக்கென்று இருக்கும் இடம் எட்டடிக்கு நான்கடி அளவுள்ள பால்கனி மட்டுமே. அதிலும் துணி காயும் நேரம் போக மீதி நேரம்தான் எனக்கு.

முதல் வேலையாக, பூசையின்போது அம்மா உட்காருவதற்கு ஒரு மணை செய்தேன். ஐப்பசி மாதம், நல்ல மழைக்காலத்தில், பக்கத்து மரவாடியில் ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரங்குலக் கனமும் கொண்ட வேப்பம்பலகை ஒன்றை வாங்கினேன். அதை இழைத்து, உப்புத்தாள் போட்டு, அடியில் குறுக்காக இரண்டு கட்டைகளைப் பெவிகால் தடவி, கட்டைக்கு நான்கு திருகாணி வீதம் முடுக்கி, மேலே மூன்று கை வார்னிஷ் அடித்தேன். ஆறு மாதம் எந்தக் குறையும் இல்லை. சித்திரையில் ஓர் இரவு கூடத்திலிருந்து டப்பென்று ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மணையின் நடுவில் நீளவாக்கில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பிளவு. கடைக்காரர் நன்றாகக் காய்ந்த மரம் என்று சொல்லித்தான் கொடுத்தார். மணை இருப்பது கூடத்தில். கோடையில் அங்கே பெரும்பாலான நேரம் ஏசி ஓடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் ஐயங்கள் மூன்று. பிளவுக்குக் காரணம் பசையா, திருகாணியா, மரமா? இனிமேல் கருவிகளுக்கென்று 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அதில் மின்கருவிகளை வாங்குவதா, கைக்கருவிகளை வாங்குவதா? (மார்பிள் கட்டரில் மரம் அறுக்கும் பிளேடை மாட்டிக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர்.) தீபாவளிக்குள் ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசையையும் நாற்காலிகளையும் செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன், அது நடக்கக்கூடிய காரியமா?

பதில் 1: கோவை இழைப்புளி

நண்பரே, உங்கள் பசையும் திருகாணியும் தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கின்றன. அவை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்ததால்தான் பலகை பிளந்தது.

மரத்தின் நார்களுக்குள் இருக்கும் ஈரம் குறையும்போது மரம் சுருங்குகிறது, ஏறும்போது விரிகிறது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இது நடப்பதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் மரம் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அந்தக் குறுக்குவாக்கிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் உள்ள சுருக்கம், மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்போது உங்கள் மணையைப் பாருங்கள். மேற்பலகையின் அகலம் சுருங்க வேண்டிய திசையில்தான் அடிக்கட்டைகளின் நீளம் கிடக்கிறது. பலகை சுருங்கப் பார்க்கிறது, கட்டையோ அந்தத் திசையில் அசையாது. இரண்டையும் பசையும் திருகாணியும் பூட்டி வைத்திருக்கின்றன. இழுவிசை கூடிக்கொண்டே போய், எங்கே நார் வலுவற்று இருந்ததோ அங்கே விட்டுவிட்டது.

கோடை வெயிலின் மேல் பழி போட வேண்டாம். கடல்காற்று உள்ள சென்னையில் சித்திரை மாதமும் ஈரப்பதம் கொண்டதுதான். உங்கள் கூடத்தின் ஏசியே காற்றின் ஈரத்தை எடுத்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதமாக இருக்கும் மழை நாட்களில் திறந்த இடத்தில் கிடக்கும் மரம் தன் எடையில் 17 சதவீத அளவுக்கு ஈரத்தை வைத்துக்கொள்ளும். காற்றில் 50 சதவீத ஈரப்பதம் இருக்கும் அறையில் அது 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்த இறக்கத்துக்கு ஓரடி அகலப் பலகை சில மில்லிமீட்டர் சுருங்குவது இயல்பே. வார்னிஷ் இந்தப் போக்குவரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. மேற்பக்கம் மட்டும் மூன்று கை அடித்துவிட்டு அடிப்பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தால், இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் காய்ந்து பலகை வளையவும் செய்யும்.

இதற்கான தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. ஊரில் பழைய வீடு ஏதாவது இருந்தால் அதன் கதவைக் கூர்ந்து பாருங்கள். சுற்றிலும் சட்டம், சட்டத்தின் உள்விளிம்பில் காடி (நீளப் பள்ளம்), அந்தக் காடிக்குள் பலகை. சட்டங்கள் மட்டுமே ஒன்றோடொன்று துளையும் நாக்குமாகப் பூட்டப்பட்டிருக்கும். நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டியிருக்க மாட்டார்கள். அது காடிக்குள் சும்மா நிற்கும்; மழைக்காலத்தில் விரிந்து, கோடையில் சுருங்கி, யாருக்கும் தெரியாமல் தன் பாட்டுக்கு இருந்துகொள்ளும். பழைய கதவில் பலகையின் ஓரமாகச் சாயம் படாத ஒரு மெல்லிய கீற்று தெரிந்தால், அது சாயம் அடித்த பிறகு பலகை சுருங்கிய அளவு.

மணைக்கு அவ்வளவு வேலை தேவையில்லை. பசையை விட்டுவிடுங்கள். ஒவ்வோர் அடிக்கட்டையிலும் நடுவில் உள்ள திருகாணிக்கு மட்டும் வட்டத் துளை. ஓரங்களில் உள்ளவற்றுக்குப் பலகையின் அகலவாக்கில் நீண்ட துளை. திருகாணியின் தலைக்கடியில் ஒரு வாஷர் போட்டு, அழுத்தாமல் முடுக்கினால் பலகை நடுவை விட்டு நகராது. ஓரங்கள் மட்டும் துளையின் நீளத்துக்குள் போய்வரும்.

பதில் 2: தென்காசி மரவேலை

தம்பி, மேலே கோவை நண்பர் சொன்னது முழுக்கச் சரி. நான் நாற்பது ஆண்டுகள் பட்டறையில் உட்கார்ந்தவன். தாத்தா காலத்திலிருந்து இதுதான் தொழில். இப்போது கண் மங்கிவிட்டதால் பேரப்பிள்ளைகளுக்குப் பொம்மை வண்டி செய்வதோடு சரி. மரம் வாங்குவதைப் பற்றிச் சில செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

“நன்றாகக் காய்ந்த மரம்” என்பது மரவாடியில் எல்லோருக்கும் சொல்லப்படும் வாக்கு. அதற்காகக் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது; கட்டடத்துக்கு நிலை, ஜன்னல் செய்பவருக்கு அந்தக் காய்ச்சல் போதும், ஏசி அறையில் வைக்கும் சாமானுக்குப் போதாது. நிழலில் காற்றில் காயவைத்தால் ஓரங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: பலகையை வாங்கிய அன்றே வேலையைத் தொடங்காதீர்கள். தரையில் படாமல் கட்டைகளின் மேல் வைத்து, பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒரே கனமுள்ள குச்சிகளைக் கொடுத்து அடுக்குங்கள். நார் அறுபட்டுத் தெரியும் வெட்டுமுனை வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். அங்கே முதலில் காய்ந்து வெடிப்பு விடும் என்பதால் இரு முனைகளிலும் பழைய பெயின்டையோ மெழுகையோ பூசிவிடுங்கள். பிறகு ஏதாவது ஒரு பலகையை வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடையைக் குறித்து வாருங்கள். எடை இறங்கிக்கொண்டே இருந்தால் மரம் இன்னும் காய்கிறது. மூன்று நான்கு வாரம் ஒரே எடையில் நின்றால் உங்கள் வீட்டுக் காற்றுக்கு அது பழகிவிட்டது என்று பொருள். ஈரமானி வாங்கும் செலவு மிச்சம்.

வாங்கும்போது வெட்டுமுனையைப் பாருங்கள். வளையங்கள் பலகையின் அகன்ற முகத்துக்கு நேர்க்குத்தாக நின்றால் அந்தப் பலகை அதிகம் சுருங்காது, வளையாது. வளையங்கள் கவிழ்ந்த கிண்ணம் போல் தெரிந்தால் அது காயும்போது அந்த வளையங்கள் நிமிரப் பார்ப்பதைப் போல வளையும். மரத்தின் நட்ட நடு மையம் உள்ள பலகையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது பிளக்காமல் இருப்பது அரிது. வைரம் (உள்ளே இருக்கும் கருத்த மரம்) எது, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேக்கே ஆனாலும் அதன் வெள்ளைப் பகுதியைப் பூச்சி அரிக்கும்.

கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறுத்த மரத்துக்கு, அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், அங்குலத்தில் கனம் ஆகிய மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். நான்கடி நீளம், ஆறங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம் என்றால் கால் கன அடி. உருட்டு மரத்துக்குக் கணக்கு வேறு: அங்குலத்தில் எடுத்த சுற்றளவை நான்கால் வகுத்து, அதே எண்ணால் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தாலும் பெருக்கி 144-ஆல் வகுப்பார்கள். அப்படிப் பார்த்தால் மரத்தின் உண்மையான கன அளவில் சுமார் 78 சதவீதம்தான் கணக்கில் வரும். மீதி பட்டைக்கும் அறுப்புக்கும் போகும் கழிவு என்று விட்டுக்கொடுப்பது. அறுத்த ஓரங்குலப் பலகையை இழைத்து முடித்தால் முக்கால் அங்குலம்தான் கையில் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பழகுகிறவருக்கு வேம்பு நல்ல ஆசிரியர் அல்ல. அதன் நார் ஓரிடத்தில் ஒரு பக்கமும் அடுத்த இடத்தில் மறுபக்கமும் சாய்ந்திருப்பதால் இழைப்புளி போட்டால் பிய்த்துக்கொண்டு வரும். வாகையின் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. தேக்கு கைக்கு இணக்கமானது, சுருக்கமும் குறைவு. ஆனால் அதில் உள்ள மணற்சத்து உளியின் முனையைச் சீக்கிரம் மழுக்கும், விலையும் உங்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால் பழைய வீடு இடித்த மரத்தைத் தேடுங்கள். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்கு இன்னும் விற்பனைக்கு வருகிறது. உங்கள் ஊரிலும் பழைய கதவு, நிலை விற்கும் கடைகள் இருக்கும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம், இனி அது புதிதாகக் காய வேண்டியதில்லை. ஒரு காந்தத்தை மேலே ஓட்டி உள்ளே ஒடிந்த ஆணி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இழைப்புளியை வைக்க வேண்டும்.

உடைந்த மணையைத் தூக்கிப் போடாதீர்கள். அடிக்கட்டைகளைக் கழற்றுங்கள். பிளவு வழியாகவே பலகையை இரண்டாக அறுத்து, இரு விளிம்புகளையும் நேராக இழைத்து, பசை போட்டு கிளாம்பில் ஓரிரவு இறுக்கி வையுங்கள். நாரும் நாரும் பக்கவாட்டில் ஒட்டிய இணைப்பு மரத்தைவிட வலுவாக நிற்கும்.

பதில் 3: மதுரைச் சீவல்

நானும் அடுக்குமாடியில் இருந்துகொண்டு இதே வேலையைச் செய்பவள் என்பதால் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

முதலில், உங்கள் நண்பரின் யோசனையைத் தயவுசெய்து கேட்காதீர்கள். மார்பிள் கட்டர் கல்லைத் தேய்த்து அறுப்பதற்காகச் செய்யப்பட்டது. நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். அதில் பல்லுள்ள பிளேடை மாட்டி மரத்தில் இறக்கினால், மரம் பிளேடைக் கவ்வும் ஒரு நொடியில் கருவி அறுப்பவரை நோக்கித் துள்ளும். கட்டட வேலை நடக்கும் இடங்களில் பலரும் அப்படித்தான் அறுக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களில் பலருடைய கையில் தழும்பு இருக்கிறது என்பதும் உண்மை.

கைக்கருவியிலேயே தொடங்குங்கள். 6, 12, 25 மில்லிமீட்டரில் மூன்று உளி, ஒரு நடுத்தர இழைப்புளி, நுண்பல் ரம்பம் ஒன்று, மூலைமட்டம், எஃகு அளவுகோல், கொட்டாப்புளி (மரச்சுத்தியல்), இவற்றோடு வாங்க முடிந்த அளவு கிளாம்புகள். 15,000 ரூபாய்க்குள் இவை அடங்கும். துளை போட உங்களிடம் உள்ள டிரில் போதும். வட்ட ரம்ப எந்திரத்தின் இரைச்சல் நூறு டெசிபெல்லைத் தொடும். நான்காம் தளத்தில் அதை ஓட்டினால் அடுத்த சங்கக் கூட்டத்தில் உங்களைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். ஆனால் கைக்கருவி என்றால் சத்தமே இல்லை என்றும் எண்ண வேண்டாம். ரம்பமும் இழைப்புளியும் கீழ்வீட்டுக்குக் கேட்காது. உளியைக் கொட்டாப்புளியால் அடித்துத் துளை போடும் சத்தம் தரை வழியாக இறங்கும். வேலை செய்யும் மேசையின் கால்களுக்கடியில் கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள். துளையில் பெரும்பகுதியை டிரில்லால் குடைந்து எடுத்துவிட்டு, சுவர்களை மட்டும் உளியால் கையழுத்தத்தில் செதுக்கினால் அடியே தேவைப்படாது.

அதைவிட முக்கியமானது தீட்டுதல். கடையில் வாங்கும் உளி தீட்டிய உளி அன்று. அதை முனை போட்டுத் தருவது நம் வேலை. இது தெரியாமல் முதல் ஆறு மாதம் நான் மரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டுக் கண்ணாடி வாங்கி, அதன்மேல் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வகை உப்புத்தாளை 220, 400, 1000, 2000 என்று வரிசையாக வைத்துத் தேய்க்கலாம். முதலில் உளியின் தட்டையான முதுகை, முனையிலிருந்து ஓரங்குலம் வரை, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பாக்க வேண்டும். பிறகு சாய்வுப் பக்கம்: 25 பாகைச் சாய்வில் தொடங்கி, நுனியை மட்டும் 30 பாகையில் முடிக்க வேண்டும். மறுபக்கம் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் முனை சேர்ந்துவிட்டது என்று அறியலாம்; அந்தப் பிசிறை ஒரு தோல்வாரில் இழுத்து எடுத்துவிடுங்கள். சோதிப்பதற்கு மென்மையான மரத்தின் வெட்டுமுனையைச் சீவிப் பாருங்கள். தூளாக உதிராமல் சீவலாக வந்து, சீவிய இடம் மினுங்கினால் சரி. தென்காசி ஐயா எண்ணெய்க்கல்தான் வேண்டும் என்பார். அது நெடுநாள் உழைக்கும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, தொடங்குகிறவருக்குக் கண்ணாடி மலிவு, கல்லைப் போல நடுவில் பள்ளம் விழாது என்பதுதான் என் வாதம்.

முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் பூசுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக்கூடாது. அது காயும்போது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

கேள்வியாளர்: நான்காம்தளப் பட்டறை

மூவருக்கும் மிக்க நன்றி. மார்பிள் கட்டர் எண்ணத்தைக் கைவிட்டேன். தென்காசி ஐயா சொன்னபடி மணையைப் பிரித்து ஒட்டப்போகிறேன். சாப்பாட்டு மேசையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லையே என்று நினைக்கும்போது, அந்த மௌனமே பதிலோ என்றும் தோன்றுகிறது.

பதில் 4: கோவை இழைப்புளி

மௌனம் இல்லை, தட்டச்சுச் சோம்பல்தான். மேசை முடியும், நாற்காலி முடியாது என்பது என் கருத்து. நாற்காலியின் பின்கால் சாய்ந்திருக்கும், இருக்கை முன்பக்கம் அகன்றிருக்கும். ஆகவே பல இணைப்புகள் நேர்கோணத்தில் அமையாது. அதன்மேல் ஆள் உட்கார்ந்து பின்னால் சாயும் ஒவ்வொரு முறையும் முழு எடையும் பின்கால் இணைப்புகளை நெம்பும். அதை இரண்டாம் ஆண்டுக்கு வையுங்கள். இப்போதைக்குப் பதினெட்டு அங்குல உயரத்தில் இரண்டு விசிப்பலகைகள் (நீள இருக்கைகள்) செய்துகொண்டால் ஆறு பேர் உட்காரலாம்.

மேசைக்கு முன்னால் ஒரு முக்காலியோ ஸ்டூலோ செய்து, துளையும் நாக்குமாகப் பூட்டும் இணைப்பைக் கைக்குப் பழக்குங்கள். கட்டையின் கனத்தை மூன்றாகப் பிரித்து நடுப்பங்கை நாக்காக விட வேண்டும். நாக்கு கையழுத்தத்தில் உள்ளே போக வேண்டும். கொட்டாப்புளியால் அடித்தால்தான் போகும் என்றால் துளையின் சுவர் பிளக்கும், தானாக விழுந்தால் பசையும் காப்பாற்றாது. வீணான கட்டையில் பத்து இணைப்புகள் போட்டுப் பாருங்கள். ஏழாவது எட்டாவதில் கை பிடிபடும்.

ஐந்தடிக்கு மூன்றடி மேசை, உயரம் முப்பது அங்குலம் என்று வைத்துக்கொண்டால், மேற்பலகை, மூன்றங்குலச் சதுரக் கால்கள் நான்கு, அவற்றை இணைக்கும் சட்டங்கள் எல்லாம் சேர்ந்து, கழிவோடு மூன்றரை கன அடி மரம் பிடிக்கும். இந்த இடத்தில் உங்கள் மணை திரும்பவும் வருகிறது. மூன்றடி அகலமுள்ள மேற்பலகை ஆண்டுக்குள் அரை சென்டிமீட்டருக்கு மேலேயே போய்வரும். அதைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டினால் மணை பிளந்த அதே சத்தத்தைப் பெரிதாகக் கேட்பீர்கள். சட்டத்தின் உட்புறம் காடி வெட்டி, அதற்குள் நாக்கு நுழையும் சிறு மரக்கட்டைகளைப் பலகையின் அடியில் திருகாணியால் பொருத்துவது வழக்கம். கட்டை பலகையைக் கீழே இழுத்துப் பிடிக்கும், ஆனால் காடிக்குள் முன்னும் பின்னும் நகர இடம் இருக்கும்.

கேள்வியாளர்: நான்காம்தளப் பட்டறை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பிளவின் வழியே அறுத்து இழைத்து ஒட்டியதில் மணையின் அகலம் பன்னிரண்டு அங்குலத்திலிருந்து பதினொன்றே கால் அங்குலமாகக் குறைந்துவிட்டது. ஒட்டிய கோட்டை நான் காட்டினால்தான் தெரிகிறது. அடிக்கட்டைகளைப் பசையில்லாமல், நீண்ட துளைகளில் திருகாணி போட்டு மாட்டியிருக்கிறேன். தேக்கில் இரண்டு பழைய ஜன்னல் சட்டங்களும் கிடைத்தன. அவை பால்கனியில் குச்சிகளின் மேல் கிடக்கின்றன. மூன்று வாரமாக எடை மாறவில்லை.

ஒரு குறை: அம்மா உட்கார்ந்தவுடன் மணை ஆடுகிறது என்கிறார். முன்பு ஆடவில்லை. உயரமாக உள்ள கட்டையை அறுத்துவிடலாமா?

பதில் 5: தென்காசி மரவேலை

அறுக்காதீர்கள் தம்பி, ஒரு கட்டையை அறுத்தால் அடுத்த கட்டை உயரமாகத் தெரியும், கடைசியில் வெறும் பலகைதான் மிஞ்சும். ஒட்டும்போது இரு பாதிகளும் சற்றே முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

சமையலறைக் கருங்கல் மேடையைப் போல மட்டமான இடத்தில் மணையை வையுங்கள். ஆடும்போது அது எந்த இரண்டு எதிர்மூலைகளின் மேல் நின்று ஆடுகிறதோ அவையே உயரமானவை. தூக்கிக்கொண்டு நிற்கும் மற்ற இரண்டையும் தொட வேண்டாம். கல்லில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, மணையை அதன்மேல் ஒருமுறை அசைத்து எடுத்தால் அடிக்கட்டையில் வெள்ளை ஒட்டிய இடம் தெரியும். அந்த இடத்தை மட்டும் இழைப்புளியால் ஒரு சீவல் எடுங்கள், திரும்ப வைத்துப் பாருங்கள். நாலைந்து சீவலில் நின்றுவிடும். அந்த மேடையைத் துடைத்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் அம்மா அடுத்த மணையைக் கேட்க மாட்டார்.